1950 ஆகஸ்ட் 10 அன்று உங்கள் பாட்டன் எங்கே இருந்தார்? கல்விக் கடனும் இருப்பிட விதியும்

மூணாறு மலையில் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். பாட்டி கொழுந்து கிள்ளினார். தாயும் கொழுந்து கிள்ளுகிறார். மாணவி அங்குள்ள தமிழ்வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்து, மேல்நிலைக் கல்வியையும் இடுக்கி மாவட்டத்திலேயே முடித்திருக்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்துக்கு மூன்று வழிகள் உண்டு என்று ஆசிரியர் சொல்லி அனுப்புகிறார்: பட்டியல் சாதியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகை, மேம்பாட்டுக் கழகத்தின் குறைந்த வட்டிக் கடன், வங்கியின் கல்விக் கடன். முதல் இரண்டுக்கும் சாதிச் சான்று வேண்டும். அதற்காக வட்டாட்சியர் அலுவலகம் சென்றால், அவள் எங்கே பிறந்தாள், எங்கே படித்தாள் என்பதை எவரும் முதன்மையாகக் கேட்பதில்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று அவளுடைய குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தது என்பதே அங்கே கேள்வி.

இம்மாணவி நம் கற்பனை. அந்தக் கேள்வி கற்பனையன்று. இடுக்கியின் தோட்டங்களிலும், மும்பையின் தாராவியிலும், கோலார் தங்கவயலிலும் தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இக்கேள்வியின் முன் நிற்கின்றன. மொழி வேறாயினும், வேலை தேடி மாநில எல்லை கடந்த எந்தத் தலித் குடும்பமும் இதே நிலையை எதிர்கொள்கிறது. கல்விக்கான அரசு நிதியை இருப்பிடம் எப்படித் தீர்மானிக்கிறது, எந்த இடத்தில் தீர்மானிக்கவே கூடாது என்பதை நம் மாணவர்கள் பிரித்து அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் விதி இல்லாத இடத்திலும் விதி இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுவோர் ஏராளம்.

அந்த நாள் எங்கிருந்து வந்தது?

அரசியலமைப்பின் 341ஆவது பிரிவு, எந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என்பதைக் குடியரசுத் தலைவர் ஒவ்வொரு மாநிலத்தைப் பொறுத்தும் அறிவிப்பார் என்கிறது. அதன்படி வெளியான ஆணையின் நாள் 1950 ஆகஸ்ட் 10. பழங்குடியினருக்கான ஆணை அடுத்த மாதம் 6ஆம் நாள் வந்தது. மாநிலவாரியாகப் பட்டியல் அமைந்ததற்குக் காரணம் இருந்தது. தீண்டாமை நாடெங்கும் ஒரே வடிவில் இல்லை. ஓரிடத்தில் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சாதி வேறோரிடத்தில் அந்நிலையில் இல்லாமல் இருக்கலாம். அதுவரை குறை சொல்ல ஏதுமில்லை.

சிக்கல் பின்னால் வந்த நிர்வாக விளக்கங்களில் இருக்கிறது. 1977 மார்ச் 22ஆம் நாளிட்ட உள்துறை அமைச்சகக் கடிதம், 'வசிப்பிடம்' என்ற சொல்லை அதன் இயல்பான பொருளில் கொள்ளக் கூடாது என்றது. ஆணை வெளியான நாளில் ஒருவருக்கு நிலையான இருப்பிடம் எதுவோ அதுவே கணக்கு; அந்நாளுக்குப் பின் பிறந்தவராயின், அந்நாளில் அவருடைய பெற்றோரின் நிலையான இருப்பிடம் எதுவோ அது. இன்று கல்லூரிக்குள் நுழையும் மாணவரின் பெற்றோரே 1950க்கு வெகுகாலம் பின் பிறந்தவர்கள். ஆகவே கேள்வி பாட்டனுக்கும் பூட்டனுக்கும் போகிறது. 1985 பிப்ரவரி 22ஆம் நாளிட்ட மற்றொரு கடிதம் அடுத்த படியையும் வகுத்தது: கல்விக்காகவோ வேலைக்காகவோ வேறு மாநிலம் சென்றவர் தம் பூர்வீக மாநிலத்தின் பட்டியல் சாதியினராகவே கருதப்படுவார், சலுகைகளை அந்த மாநிலத்திலிருந்தே பெற வேண்டும், குடியேறிய மாநிலத்திலிருந்து அன்று.

இதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆந்திரத்தின் தெனாலியில் பிறந்து, பொதுத்துறை நிறுவனத்தில் பணியாற்றிய தந்தையுடன் ஒன்பது வயதில் பம்பாய் சென்று அங்கேயே படித்தவர் மர்ரி சந்திரசேகர ராவ். ஆந்திரத்தில் அவர் சமூகம் பழங்குடிப் பட்டியலில் இருந்தது. பம்பாயில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டபோது, அங்கே அவர் பழங்குடியினர் அல்லர் என்று 1990இல் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. 1994இல் மகாராட்டிரத்தைச் சார்ந்த மற்றொரு வழக்கிலும், 2018இல் பீர் சிங் வழக்கிலும் அதே கோட்பாடு மாநிலங்களைப் பொறுத்தவரை நிலைநிறுத்தப்பட்டது. பலர் மறந்துவிடும் ஒன்றும் 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் உரிமைகளுக்கு உரிய பயன் கிடைக்கும் வகையில் சட்டம் இயற்றுவது குறித்து நாடாளுமன்றம் சிந்திக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன; அச்சட்டம் வரவில்லை.

இரண்டு மாநிலங்களுக்கு நடுவில்

1985ஆம் ஆண்டுக் கடிதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், மூணாறு மாணவிக்கு எதுவும் பறிபோகவில்லை என்றே காகிதத்தில் தோன்றும். கேரளம் இல்லையேல் தமிழ்நாடு. நடைமுறை அப்படி இல்லை. பட்டியல் சாதியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகையின் வழிகாட்டு நெறிகள், மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநில அரசே தொகையை வழங்கும் என்கின்றன. தமிழ்நாட்டில் அதைக் கேட்டால் இருப்பிடச் சான்று, குடும்ப அட்டை, பள்ளி ஆவணம் என்று பட்டியல் நீளும். அந்தக் குடும்பத்தின் குடும்ப அட்டை கேரளத்தில் இருக்கிறது. வாக்கும் அங்கேதான். பாட்டனின் ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று பேச்சு வழக்கில் தெரியும். ஆனால் நிலமோ பட்டாவோ உறவோ அங்கே எஞ்சவில்லை. கங்காணியின் முன்பணத்துக்கு மலையேறியவர்கள் நிலப் பத்திரம் வைத்திருந்தவர்கள் அல்லர்.

மலையிலும் வீடு அவர்களுடையது அன்று. தோட்டத் தொழிலாளருக்கு வீடு தரும் கடமையை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிறுவனத்தின்மீது சுமத்தியது. அந்த வீட்டில் தொழிலாளருக்கு இருப்பது பணிக்காலத்துக்கான உரிமை மட்டுமே. ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறொருவர் வேலையில் இல்லாவிடில், லயத்தைக் காலி செய்ய வேண்டும். நூறாண்டு வாழ்ந்தும் ஒரு முகவரியைத் தம் பெயரில் காட்ட முடியாத மக்களிடம்தான் 1950க்கு முந்தைய முகவரியைக் கேட்கிறார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டபோது, லயங்களோடு அவற்றில் இருந்தவையெல்லாம் மண்ணுக்குள் போயின.

இதில் ஒரு விசித்திரத்தையும் கவனிக்க வேண்டும். பறையர், பள்ளர், சக்கிலியர் ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உள்ளன, கேரளப் பட்டியலிலும் உள்ளன. இவர்கள் தீண்டாமைக்கு ஆளானவர்களா என்பதில் இரு மாநிலங்களுக்கும் ஐயமே இல்லை. ஐயம் முழுவதும் ஒரு நாளைப் பற்றியது. அந்த நாளில் கேரளம் என்றொரு மாநிலமே இல்லை. தேவிகுளமும் பீர்மேடும் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. தமிழர் பகுதியோடு அவற்றை இணைக்கக் கோரிய போராட்டம் தோற்ற பின்னர், 1956 நவம்பர் முதல் நாளில்தான் அவை கேரளத்தின் பகுதியாயின. மாநிலத்தின் வயதைவிட அதன் குடிமக்களின் வசிப்புக்கு அதிக வயது கேட்கப்படுகிறது.

இது மாணவர்களோடு நிற்கும் சங்கதியும் அன்று. தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்ற ஆ. ராஜாவின் தேர்தலை 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அவர் கேரளத்தின் இந்துப் பறையர் என்று கொள்ள முடியுமா என்பது வழக்கு. குடும்பம் எப்போது மலையேறியது என்பதும் தேவாலயப் பதிவேடுகளில் இருப்பது என்ன என்பதும் அங்கே அலசப்பட்டன. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவர் தேர்தல் செல்லும் என்றது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் வரை போக இரண்டு ஆண்டுகளும் வழக்கறிஞர்களும் இருந்தனர். சேர்க்கைக் கட்டணத்துக்கு இரண்டு வாரம் அவகாசம் உள்ள மாணவிக்கு அவை இல்லை.

மகாராட்டிரத்திலும் அதே நாள்தான் அளவுகோல்: பட்டியல் சாதிச் சான்றுக்கு 1950 ஆகஸ்ட் 10க்கு முன் அம்மாநிலத்தில் குடியிருந்த சான்று வேண்டும். தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற ஆதிதிராவிடக் குடும்பங்களுள் முன்பே சென்றவர்களுக்கும் பின்னே சென்றவர்களுக்கும் இடையில் இந்த நாள் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டது. ஒரே சந்தில், ஒரே சாதியில், ஒரே தொழிலில் இருக்கும் இரு வீடுகளில் ஒன்றுக்குச் சான்று உண்டு, மற்றதற்கு இல்லை. கோலார் தங்கவயலின் நிலை சற்று மேல். சுரங்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியதாலும், ஆதிதிராவிடர் கருநாடகப் பட்டியலில் இருப்பதாலும் பலரால் பழைய வசிப்பை நிறுவ முடிகிறது. தமிழ்நாடும் இவ்விதிக்கு விலக்கன்று. பிற மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்டவரின் பிள்ளை எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கேயே படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். ஆனால் பொதுப்பிரிவில் மட்டுமே. சென்னையில் பிறந்து வளர்ந்த ஒரு தெலுங்குத் தலித் மாணவருக்கு நாம் செய்வதும் மூணாறில் நம் பிள்ளைகளுக்குச் செய்யப்படுவதும் ஒன்றே.

இடம் வேறு, கடன் வேறு

இந்த விதிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. இடஒதுக்கீட்டு இடங்கள் எண்ணிக்கையில் வரம்புக்குட்பட்டவை. வெளியிலிருந்து வருவோரையும் சேர்த்தால், உள்ளூர்த் தலித்துகளுக்குரிய பங்கு குறையும். கல்வியில் முன்னேறிய மாநிலத்திலிருந்து வருவோர் பின்தங்கிய மாநிலத்து இடங்களை எடுத்துக்கொள்ளக் கூடும். போலிச் சான்றிதழ்களும் உண்டு. புலையர்களும் மகர்களும் மாதிகர்களும் எழுப்பும் இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பும் பெரிதும் இதையே பேசியது.

ஆனால் அந்த வழக்கு ஒரு கல்லூரி இடத்தைப் பற்றியது. அங்கே ஒருவர் பெற்றால் மற்றொருவர் இழக்கிறார். உதவித்தொகையும் கல்விக் கடனும் அப்படிப்பட்டவை அல்ல. தகுதியுள்ள அனைவருக்கும் தரப்பட வேண்டியது மேற்படிப்பு உதவித்தொகை. மூணாறு மாணவி அதைப் பெறுவதால் ஒரு புலையர் மாணவிக்குரிய தொகை நின்றுவிடுவதில்லை. 2020-21 முதல் அதன் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசு ஏற்கிறது; அந்தப் பணத்துக்கு மாநில எல்லை என்ன? கடனோ திருப்பிச் செலுத்தப்படுவது. இட ஒதுக்கீட்டுக்காக வகுத்த வேலியை அதே அளவில் தூக்கிவந்து கடனைச் சுற்றியும் நட்டிருக்கிறார்கள். இதற்குத் தனியாகக் காரணம் சொல்லப்பட்டதை நாம் காணவில்லை.

தேசிய பட்டியல் சாதியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடனை எடுத்துக்கொள்வோம். 1989இல் தொடங்கப்பட்ட இக்கழகம் ஒன்றிய அரசுக்குச் சொந்தமானது. ஆனால் கடன் மாநில முகமைகள் வழியாகவே பெரிதும் மாணவரை வந்தடைகிறது. தமிழ்நாட்டில் தாட்கோ, கேரளத்தில் அம்மாநிலப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுக் கழகம். ஒவ்வொன்றும் தன் மாநிலத்தவருக்கே தரும். இரு மாநிலமும் தன்னவர் அல்லர் என்று சொல்லிவிட்டால், இந்தியக் குடியுரிமை பெற்ற, வறுமை நிரூபிக்கப்பட்ட ஒரு தலித் மாணவர் ஒன்றிய அரசின் பணத்தை அணுக வாயிலே இல்லை.

வேறொரு நாட்டின் அனுபவம் இங்கே பயன்படும். பிரித்தானியாவில் அரசு மாணவர் கடனுக்கு மூன்று ஆண்டுகள் சட்டப்படியான வசிப்பும், நிலையான குடியிருப்பு உரிமையும் வேண்டும் என்றிருந்தது. சாம்பியாவில் பிறந்து ஆறு வயதில் அங்கே சென்று, பள்ளிக் கல்வி முழுவதையும் அங்கேயே முடித்த டிகேரே என்ற மாணவிக்கு, நிலையான உரிமை இன்னும் வரவில்லை என்று கடன் மறுக்கப்பட்டது. 2015 ஜூலை 29 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அந்த மறுப்பு பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பின்னர் நீண்டகால வசிப்பைக் கணக்கில் கொள்ளும் புதிய வகை சேர்க்கப்பட்டது: பதினெட்டு வயதை எட்டாதவர் ஏழு ஆண்டுகளும், எட்டியவர் தம் வாழ்நாளில் பாதியோ இருபது ஆண்டுகளோ அங்கே வாழ்ந்திருந்தால் போதும். அந்த நாட்டின் குடியேற்றக் கொள்கையைப் புகழ நாம் இதைச் சொல்லவில்லை. அங்கே பல்கலைக்கழகக் கட்டணமே பெருங்கொள்ளை. வேற்று நாட்டில் பிறந்த பெண்ணுக்கு அவள் வாழ்ந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தார்கள் என்பதே நாம் குறிக்க விரும்புவது. இங்கே சொந்த நாட்டுக் குடிமகளிடம் அவள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய நாளைக் கேட்கிறோம்.

வங்கிக் கடனுக்கு இவ்விதி இல்லை

இதை மாணவர்கள் அழுத்தமாக நினைவில் கொள்ள வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் பூர்வீக மாநிலம் என்ற நிபந்தனையே கிடையாது. இந்தியக் குடியுரிமையும் முறையான சேர்க்கையும் போதும். சாதிச் சான்றும் தேவையில்லை. 4 இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது, 7.5 இலட்சம் வரையிலான கடனுக்கு ஒன்றிய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் வட்டியை அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. தரச்சான்று பெற்ற நிறுவனங்களில் படிப்போருக்கு மட்டும் என்று பின்னர் அது சுருக்கப்பட்டது. அதற்கு வேண்டியது வருமானச் சான்று. பெற்றோர் இப்போது வாழும் இடத்தில் அதைப் பெறலாம்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற வித்யாலட்சுமி திட்டம் 8 இலட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, 10 இலட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டித் தள்ளுபடி தருகிறது. இதிலும் மாநிலக் கேள்வி இல்லை. ஆனால் தரவரிசையில் இடம்பெற்ற ஏறத்தாழ 860 நிறுவனங்களில் சேர்ந்தோருக்கே அது பொருந்தும்; வேறு அரசு உதவித்தொகை பெறுவோருக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. இருப்பிடம் நின்ற இடத்தில் தரவரிசை வந்து உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம். அது தனிக் கட்டுரைக்குரியது.

விதி இல்லை என்றாலும், கிளை மேலாளரின் மேசையில் இருப்பிடம் வேறு வேடத்தில் வரும். 'உங்கள் ஊர் எங்கள் சேவைப் பகுதிக்குள் வராது' என்பது அந்த வேடம். கல்லூரி இருக்கும் ஊரில் கேட்டால் பெற்றோர் ஊரில் கேளுங்கள் என்பார்கள். பெற்றோர் ஊரில் கேட்டால் கல்லூரி இருக்கும் ஊரைக் காட்டுவார்கள். சேவைப் பகுதி நெறி அரசு நிதியுதவித் திட்டங்களுக்கு மட்டுமே உரியது, கல்விக் கடனுக்குப் பொருந்தாது, அதைக் காரணம் காட்டி விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரில் வங்கிகளுக்குத் தெளிவாக அறிவுறுத்தியது. இச்சுற்றறிக்கையின் நகலைக் கையில் கொண்டு செல்வது நல்லது.

அதைவிட வலுவான கருவி ஒன்றும் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை அளவிலேயே மறுத்துவிடக் கூடாது; அடுத்த மேல்நிலை அதிகாரியே மறுக்க வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நிலையான அறிவுறுத்தல். அதாவது, வாய்மொழியாகத் திருப்பி அனுப்புவது முறைகேடு. எனவே விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையவாயில் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். அப்போது விண்ணப்பம் வந்ததையே கிளை மறுக்க முடியாது. பூர்வீக மாநிலச் சாதிச் சான்று இருந்தால் இணைக்க வேண்டும். மறுத்தால் எழுத்தில் கேட்க வேண்டும். வங்கியிடம் முறையிட்டு 30 நாட்களில் பதில் வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தருவதா இல்லையா என்ற வணிக முடிவில் அவர் தலையிடமாட்டார். ஆகவே முறையீட்டில் 'கடன் தரவில்லை' என்று எழுதாமல், 'சேவைப் பகுதியைக் காரணம் காட்டி ரிசர்வ் வங்கி அறிவுறுத்தலை மீறினார்கள்' என்று எழுத வேண்டும்.

குடியுரிமையே இல்லாதவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் மலையகத் தமிழரின் முன்னோர் இங்கிருந்தே தோட்டங்களுக்குச் சென்றவர்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று மதுரைக் கிளை 2019இல் ஆணையிட்டும், முகாமில் பிறந்து தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்து வளர்ந்த இளைஞருக்கு வங்கிப் படிவத்தின் முதல் வரியிலேயே தடை நிற்கிறது.

நாம் கேட்பது எளிய திருத்தம். இடஒதுக்கீடு பற்றிய விவாதம் தனியே நடக்கட்டும். உதவித்தொகைக்கும் கழகக் கடனுக்கும், மாணவர் பத்தாம் வகுப்பைத் தேறிய மாநிலமே பொறுப்பு என்று வழிகாட்டு நெறியில் ஒரு வரி மாற்றினால் போதும். அவருடைய சாதி இரு மாநிலப் பட்டியலிலும் இருந்தால் வேறு கேள்வி எழவே கூடாது. இதற்கு அரசியலமைப்புத் திருத்தமோ நாடாளுமன்றச் சட்டமோ வேண்டியதில்லை. சமூகநீதி அமைச்சகத்தின் ஆணையே போதுமானது.

அதுவரை செய்யக்கூடியது ஆவணங்களைத் திரட்டுவது. தோட்டங்களில் பழைய செக்ரோல் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், பிறப்பு இறப்புப் பதிவுகள், பழைய வாக்காளர் பட்டியல்கள் ஆகியவற்றில் 1950க்கு முந்தைய பெயர்கள் இருக்கக்கூடும். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே தேடுவதைவிட, மாணவர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஒரு பிரிவுக்கு ஒரு முறையாக நகல் எடுத்து வைத்தால், ஒரு பக்கத்தில் இருபது குடும்பங்களுக்குச் சான்று கிடைக்கலாம். அந்தத் தாள்கள் மலைக்காற்றின் ஈரத்தில் இருக்கின்றன. அவற்றில் உள்ள பெயர்களை இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடிய முதியவர்களுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் வரை காத்திராமல், இந்தக் கோடை விடுமுறையிலேயே அவ்வேலையைத் தொடங்க வேண்டும்.